படிகாரம் போடாத தண்ணீர்

சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கும் என் அக்காவுக்கு,

நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். மட்டாஞ்சேரியில் நம் வீட்டுப் பின்வாய்க்கால் மறுபடியும் சேறாகிவிட்டது. தோப்பும்படித் துறையில் மீன்பிடி போட்டுகள் தரைதட்டி நிற்க, ஆட்கள் ஊரையே ஏசுகிறார்கள். இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று மலையில் போய்ப் பாருங்கள் என்றாயே, யார் பார்த்தார்கள்?

உன் பிளாப்பிகளையெல்லாம் சிடியில் ஏற்றிவிட்டேன். எவ்வளவு மழைக்கு எந்தச் சரிவு எவ்வளவு மண்ணை இழக்கும், அதில் எவ்வளவு வழியிலேயே படியும், எவ்வளவு ஓடை ஓடையாக இறங்கிக் காயலுக்கு வரும் என்று நீ கணினியில் கட்டிய கணக்கு மாதிரியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். உன் நாற்காலியில்தான் உட்காருகிறேன். கோபப்படாதே, உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

படிகாரக் கூத்து நினைவிருக்கிறதா? கணக்கைச் சரிபார்க்க, கொட்டும் மழையில் ஒவ்வொரு ஓடையிலும் கலங்கல் தண்ணீர் பிடித்து வந்து கட்டிலுக்கடியில் வைத்தோம். மண் எவ்வளவு நேரத்தில் அடியில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் அத்தனை பாட்டிலும் பளிங்கு! அம்மா ஒன்று விடாமல் படிகாரம் போட்டிருந்தாள்.

"கலங்கின வெள்ளத்த யாராவது வீட்ல வெப்பாளா? தெளிய வச்சுத் தந்தேன், அதுக்கும் ஏச்சா?"

நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த மழைக்கு மறுபடி மலையேறினோம்.

அம்மா தெரியாமல் செய்தாள். அலுவலகத்தில் இவர்கள் தெரிந்தே கேட்கிறார்கள், அக்கா. உன் கணக்கில் அதிக மண் வருவது கல்குவாரிக்காக வெட்டிய சரிவிலிருந்து இறங்கும் ஓடையில். போன வாரம் மேலதிகாரி கூப்பிட்டார்.

"மோளே, மேப்பிலேருந்து அந்த ஒரு ஓடையை எடுத்துடு. உன் சேச்சிதான் இப்ப உயிரோட இல்லல்லோ, இனி யாரு கேக்கப் போறா?"

மேஜையில் கிடந்த வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நான் கேப்பேன் சார். எடுக்க மாட்டேன்."

என் வேலை நீட்டிப்புத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று மெதுவாக நினைவூட்டினார். போடாவிட்டால் போகட்டும். இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதானே கேட்கிறார்?

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். மாலை போட்ட உன் படத்தை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

"நான் அறியாம தெளிய வச்சதுக்கே அவ மறுக்கா மல ஏறினா. நீ ஒண்ணும் எடுக்காதடீ."

அறிக்கை வைக்கும் கூட்டம் அடுத்த மாதம். அந்த ஓடை இல்லாத வரைபடம் மேஜைக்கு வந்தால், அந்த ஓடையின் தண்ணீரை அதே மேஜையில் வைப்பேன். எங்கே பிடித்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். உன் பெயரைப் போட்டுப் பொய் சொல்ல ஒருத்தரையும் விடமாட்டேன். இது சத்தியம்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. நாளை விடியலில் மலைக்கு பஸ் ஏறுகிறேன். பாட்டில்களை அம்மாவே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பொதிச்சோறு கட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

"நல்ல கலங்கலாப் பாத்துப் பிடிச்சிட்டு வா," என்கிறாள்.

அன்றும் இன்றும் உன் பாட்டில் பையைச் சுமக்கும்,
உன் தங்கச்சி