முந்தைய நிலை எது, அக்கா?

என் வசந்தி அக்காவுக்கு,

உன் மனுவை நிராகரித்துவிட்டார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல சேதி எதையாவது முன்னால் வைத்துவிட்டு மெதுவாக இதற்கு வரலாம் என்று பார்த்தேன், வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் உனக்கும் ஆகாது.

உத்தரவு சந்தானம் சாருக்குத்தான் மெயிலில் வந்தது. சென்னையில் நமக்காகக் காப்புரிமை வேலை பார்த்தாரே, அவருக்கு. எனக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தார். நான் அப்போது ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், நம் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையில் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். "நாம எதிர்பார்த்ததுதான் தம்பி" என்றார். எதிர்பார்த்தது வந்தால் வலிக்காது என்று யார் சொன்னது? மேல் தளத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் மழையில் நின்றேன். பிறகு இறங்கிப் போய் வேலையை முடித்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ இங்கே பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் நடத்தினாய். நான் கப்பல் எலெக்ட்ரீஷியன். வண்டூரில் வங்காளி மீனவர் பிஸ்வாஸ் தாதாவின் டுங்கியில், அந்தச் சின்ன மீன்பிடிப் படகில், ரேடியோ இரைகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பிடிபடாமல் உன்னைக் கூட்டிப்போனேன். கோளாறு ரேடியோவில் இல்லை, பேட்டரி மின்சாரத்தை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற கன்வர்ட்டர் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்த உடனே சொன்னாய்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். விளக்கும் மற்றதும் ஓடும்போது அதற்கு வேலை சரியாக இருக்கும். ரேடியோ மட்டும் ஓடினால் சுமை குறைந்துவிடும். சுவிட்ச் சட்டென்று நிற்கும், சட்டென்று எழும். அந்தத் தடுமாற்றம்தான் இரைச்சலாகக் கேட்டது. நடுக்கடலில் புயல் எச்சரிக்கை கேட்க வேண்டிய காதுக்கு அது போய்ச் சேர்ந்தது.

நீ செய்த மருந்து எளிமையானது. பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர், சுமை குறைந்தால் மெதுவாக வடியும். முந்தைய சுற்றில், அதாவது சுவிட்ச் அதற்கு முன் திறந்து மூடிய தடவையில், வடிய எடுத்த நேரத்தை இந்தச் சுற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுவிட்ச் தன் ஓய்வைச் சிறுகச் சிறுக நீட்டிக்கொள்ளும். திடீரென்று தூங்கி விழாது. ஷாதிபூர் வீட்டு மாடியறையில் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தோம். இரைச்சல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. நீ ரேடியோவை நிறுத்திவிட்டாயோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். "ஓடிட்டுதான்டா இருக்கு" என்றாய்.

இவ்வளவும் நமக்குத் தெரியும். பேப்பருக்குத்தான் தெரியவில்லை.

நீ மனுவை எழுதியது சென்னையில் ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தைய வாரம். மெயின்லேண்ட் போனால் திரும்புவாயோ மாட்டாயோ என்கிற பயத்தில், துணிப்பெட்டியை ஒரு பக்கம் கட்டிக்கொண்டே எழுதினாய். இங்கிலீஷில் நீ எழுதிய முதல் உரிமைக்கோரலை, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்கிற வரியை, தமிழில் சொன்னால் இப்படி வரும்: சுமை போதுமான அளவுக்குக் குறையும்போது, முந்தைய நிலையோடு ஒப்பிட்டு, சுவிட்சின் வேகத்தைத் தக்கபடி மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி. ஒரு எண்ணாவது போடு என்று நான் சொன்னேன்.

"எண் போட்டா அந்த எண்ணுக்குப் பக்கத்துல ஒருத்தன் வந்து உக்காந்துக்குவான். கதவை அகலமா வைக்கணும்டா கதிர்."

நீ சொன்னது தப்பில்லை என்று சந்தானம் சாரும் பிற்பாடு சொன்னார். ஆனால் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தபோது நீ உயிரோடு இல்லை. போதுமான அளவு என்றால் எவ்வளவு? முந்தைய நிலை என்றால் எது? தக்கபடி என்றால் எப்படி? மூன்று சொல்லும் தெளிவில்லை, எனவே அனுமதிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். கேட்டவர்களை என்னால் கோபிக்க முடியவில்லை. அந்த வரியை வேறு யாராவது எழுதி உன்னிடம் கொடுத்திருந்தால் நீயும் அதையேதான் கேட்டிருப்பாய்.

மனுவோடு சேர்த்த விவரக்குறிப்பில் உதாரணமாக ஒரே ஒரு அளவு கொடுத்திருந்தாய், முழுச் சுமையில் நாலில் ஒரு பங்கு என்று. அதை உரிமைக்கோரலுக்குள் கொண்டுவந்து திருத்தி அனுப்பினோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எப்போதோ வாங்கிய காப்புரிமையை எடுத்துக் காட்டினார்கள். அதிலும் நாலில் ஒரு பங்கு. அதில் சுவிட்ச் சட்டென்று நிற்கும், நம்முடையதில் நிற்காது. ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்கிற வரி நம் பேப்பரில் இல்லை. அகலமாகக் கேட்டால் தெளிவில்லை, குறுக்கிக் கேட்டால் புதுமையில்லை. நடுவில் இருப்பதுதான் உன் கண்டுபிடிப்பு. அதை எழுதாமல் போய்விட்டாய்.

வீடியோவில் விசாரணை வைத்தார்கள். மச்சானும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உன் கணவருக்கு இதில் ஒன்றும் விளங்காது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். முடிவு சொல்கிற அதிகாரியான கன்ட்ரோலர் ஒரு அம்மா. அவர் பொறுமையாக இங்கிலீஷில் கேட்டார்.

"முந்தைய நிலை என்று எதைச் சொல்கிறீர்கள்? முந்தைய சுமையா, முந்தைய மின்னழுத்தமா?"

"முந்தைய சுற்று மேடம். கெப்பாசிட்டர் வடிய எடுத்த நேரம்."

"இப்போது புரிகிறது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். இல்லையென்று தெரிந்தும் புரட்டினேன். சந்தானம் சார் ஏதோ வாதம் செய்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். கடைசியில், "முதலில் தாக்கல் செய்ததில் இல்லாததைத் திருத்தத்தில் சேர்க்க நான் அனுமதிக்க முடியாது. கண்டுபிடித்தவர் இருந்து விளக்கினாலும் இதே பதில்தான்" என்றார். நீ இல்லாததால்தான் தோற்கிறோம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா. நீ வந்து உட்கார்ந்திருந்தாலும் இதேதான் என்று கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் மோசமாக இருந்ததா? இன்றுவரை தெரியவில்லை.

புது மனு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அவங்க வேற எங்கயாவது இதைத் தெளிவா எழுதியிருக்காங்களா?" என்றார் சந்தானம் சார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பி, உடம்பு தேறியிருந்த அந்த நல்ல மாதங்களில், உங்கள் துறைக்காரர்களின் பத்திரிகை ஒன்றில் நீ கட்டுரை எழுதினாய். தேடி எடுத்தேன். எல்லாம் அதில் இருக்கிறது. கெப்பாசிட்டர், வடியும் நேரம், முந்தைய சுற்று, படத்தோடு இருக்கிறது. குழந்தைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். சந்தோஷத்தில் உடனே அனுப்பினேன்.

அவர் படித்துவிட்டுப் போன் செய்தார்.

"தம்பி, இது ஊருக்கே வெளியான கட்டுரை. வெளியாகி ரொம்ப நாளும் ஆச்சு. இனிமே இதைப் புதுசுன்னு யாரும் கேட்க முடியாது. நீங்களும் கேட்க முடியாது."

"எழுதினது எங்க அக்காதானே சார்?"

"அவங்களே வந்து கேட்டாலும் முடியாது."

பயத்தில் எழுதியது தெளிவாக வரவில்லை. நிம்மதியில் எழுதியது நமக்கு எதிராகப் போய்விட்டது. அந்த நிம்மதியான மாதங்களில் நீ ஏன் பழைய மனுவைத் திரும்பி எடுத்துப் பார்க்கவில்லை? பார்த்துவிட்டுத்தான், இனிச் சேர்க்க முடியாது என்று தெரிந்துதான், எங்காவது ஒழுங்காகச் சொல்லிவிட்டுப் போவோம் என்று கட்டுரையாக எழுதினாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதாம். ஜெயிக்க வழி இல்லையாம். சந்தானம் சார் இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். மச்சான் என் தோளில் கை வைத்து, "விடு மாப்ள, அவளே இருந்தா விட்டிருப்பா" என்றார். விட்டிருப்பாயா? நான் வாதாடவில்லை. விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டூர் போனேன். மனு போட்ட பிறகு பிஸ்வாஸ் தாதாவின் படகில் நாம் மாட்டிக் கொடுத்த பெட்டி உப்புக் காற்றில் அரித்துப்போய்விட்டது. உள்ளே இருந்த சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. வேறு சிப்பில் முயன்றேன், சுவிட்ச் பழையபடியே தூங்கி விழுகிறது. உன் கை இருந்தால் சரிப்படுத்தியிருக்கும். தாதா கடையில் வாங்கிய பெட்டியை மாட்டிக்கொண்டுவிட்டார். "ஆவாஜ் தோ ஆதா ஹை, லேகின் சல் ஜாதா ஹை" என்றார். இரைச்சல் வரத்தான் செய்கிறதாம், ஆனாலும் ஓடிவிடுகிறதாம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தீதி, அவர் உன்னை அப்படித்தானே கூப்பிடுவார், எப்போது வருவார் என்று கேட்கிற வழக்கத்தில் வாயைத் திறந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் பாலிடெக்னிக் லேபுக்கு உன் பெயரை வைக்கிறார்கள். வாசலில் போர்டு மாட்டியாகிவிட்டது. உன் பெயர், அதன் கீழே நீ வேலை பார்த்த துறை, அதன் கீழே "மின்மாற்றுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றவர்" என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் பொன்னிற எழுத்து. விண்ணப்பித்தவர், பெற்றவர் என்கிற வித்தியாசம் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பிரின்சிபல் மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"ரெஹ்னே தோ கதிர், இருக்கட்டும். யாரு போயி செக் பண்ணப்போறா? மேடமுக்கு மரியாதையாத்தானே போட்டிருக்கோம்" என்றார்.

மச்சான் போர்டுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்று படித்தார். பெயிண்ட் அடித்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும், "அவளுக்கு இதாவது இருக்கட்டுமே மாப்ள. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். உன் காரியம் நடந்த அன்றுகூட அவர் என் முன்னால் அழவில்லை. இதைக் கேட்கும்போது அழுதார். இரண்டு நாள் அப்படியே விட்டுவிடப் பார்த்தேன்.

முடியவில்லை, அக்கா. உன்னைப் பார்த்தே இராத ஒரு மாணவி அந்த லேபுக்கு வருவாள். போர்டைப் படிப்பாள். மெச்சிக்கொண்டே போனில் உன் பெயரைப் போட்டுத் தேடுவாள். காப்புரிமை அலுவலகத்தின் பக்கம் வரும். உன் பெயருக்கு நேரே, நிராகரிக்கப்பட்டது என்று இருக்கும். மற்றதெல்லாம் அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நீ பொய் சொன்னவள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளாஸுக்குப் போய்விடுவாள்.

திங்கட்கிழமை பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிரின்சிபல் மேடம் அரை மனதாகச் சரி என்றிருக்கிறார். அந்த வரிக்குப் பதிலாக என்ன எழுதட்டும் என்று கேட்டார். எவ்வளவோ யோசித்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. வெறுமனே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மச்சான் என்னோடு பேசாமல் போகலாம், போகட்டும். நீ பெறாத ஒன்றை உன் பெயருக்குக் கீழே நிற்க விடமாட்டேன். எனக்குச் செய்ய மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதைச் செய்துவிடுவேன்.

கூடப் பிறந்தவன்,
உன் தம்பி கதிர்
ஷாதிபூர்