என் தலைக்குப் பொருந்திய தொப்பி

ஞாயிறு, ராத்திரி.

இன்று ராஜன் செய்தது மனசில் உறுத்துகிறது. என் பெண்டாட்டி செல்வியின் தம்பி அவன். எங்கள் டென்னிஸ் பால் டீமுக்கு கேப்டன். எவனாவது ஒரு ஓவரில் இரண்டு சிக்ஸர் கொடுத்தால் உடனே பந்தைப் பிடுங்கிவிடுவான். இன்று என் முதல் ஓவரிலேயே பந்து மூன்று தடவை மதில் தாண்டி மீன் லாரிமேல் விழுந்தது.

நானே பந்தை நீட்டினேன். "போதும் மச்சான், லாரிக்காரன் வாடகை கேப்பான்."

"பயப்படாம போடுங்க அத்தான்."

கடைசி ஓவரையும் எனக்கே தந்தான். தோற்றோம். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"இனி அம்பயரா நில்லுங்க அத்தான்" என்று பையிலிருந்து புதுத் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டான். மேட்ச் தோற்கும் முன்பே வாங்கிய தொப்பி!

வீட்டில் செல்வி சாயா கொடுத்தாள். தோள் வலி வந்ததிலிருந்து விளையாட்டை விடச் சொல்லி நச்சரிப்பவள், இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பி எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை.

என் பூசணித் தலைக்குக் கடைத் தொப்பி எதுவும் சேராது. இது கச்சிதமாகப் பொருந்துகிறது. என் தலை அளவு ராஜனுக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் ஒருத்தி தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு இந்தத் தொப்பியோடேயே பந்து போடப் போகிறேன்.