பன்னிரண்டு மெத்தைகள்

அன்பு மகள் எலோடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். பனி உருகி வெர்மான்ட் முழுக்கச் சேறு, நேற்று வண்டியைத் தள்ளித்தான் வீடு வந்தோம். அடுத்த மாதம் நீ வக்கீலாக உறுதிமொழி எடுப்பதைப் பார்க்க அம்மா விமான டிக்கெட் எடுத்துவிட்டாள்.

போனில் சொன்னால் விடுங்கப்பா என்று சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை. அங்கே வாங்கி இங்கே பயன்படுத்தினால் அந்த வரியை நாமாகவே நம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும், வருஷாந்திரப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. ஊரில் எல்லாரும் அதில் பூஜ்யம் போடுகிறார்கள், நானும் இருபது வருஷமாகப் போட்டுக் கீழே கையெழுத்திட்டேன். இணையத்தில் வாங்கினால் கடைக்காரனே இந்த முகவரிக்கு வரி சேர்த்துவிடுகிறான். அதனால் வாடகைக்கு விடும் நம் குடில்களுக்கு வேண்டியதையெல்லாம், அக்கரையில் நீ இருந்த அறைக்கு, உன் பெயரிலேயே வரவழைத்தேன். நீ அலாஸ்கா போய் இரண்டு வருஷமாகியும் நிறுத்தவில்லை. இப்போது அந்த அறையில் இருக்கும் உன் சித்தப்பா மகன் ரெமி வாங்கி வைப்பான், சனிக்கிழமை நான் தார்ப்பாய் போட்டு மூடிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவருவேன்.

போன செவ்வாய்க்கிழமை வரித்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குரலே உயரவில்லை, அம்மா கொடுத்த காபியைத் தொடவும் இல்லை. குடில் குடிலாகப் போய்க் கட்டில்களைப் பார்த்துவிட்டு வந்து, மெத்தைகள் வாங்கிய கடைச் சீட்டு ஒன்றை மேசையில் வைத்து, எலோடி யார் என்று கேட்டாள். எனக்கு நாக்கு எப்படிப் புரண்டதோ, என் மகள் எங்களுக்குப் பரிசாக அனுப்பியது என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பன்னெண்டு மெத்தையுமா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டாள். சீட்டில் பெயர் உன்னுடையது, கார்டு என்னுடையது, அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? உன் முகவரியைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அது பரிசுதான் என்று நீ சத்தியம் செய்து கையெழுத்திட ஒரு காகிதம் வருமாம்.

அன்றிலிருந்து வாசலில் கார் சத்தம் கேட்டாலே ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிறேன். பக்கத்துப் பண்ணை டெல்மர், "பொண்ணுதானே, ஒரு கையெழுத்து போட மாட்டாளா?" என்கிறான். முதலில் நானும் அதைக் கேட்கத்தான் பேனா எடுத்தேன், வெட்கமாக இருக்கிறது. அம்மா பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "அவ சட்டம் படிச்சது உனக்காகப் பொய் சொல்லவா?" என்றாள்.

வியாழக்கிழமை அந்தப் பெண் மறுபடி வருகிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். அபராதமோ, குடில்களே போகுமோ, தெரியவில்லை. ஆனால் அவள் எதிரே உட்கார்ந்ததும் எனக்கு மறுபடி நாக்குப் புரளலாம், என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இந்தக் கடிதத்துக்கு முன்பே அந்தக் காகிதம் வந்திருந்தால் தொடாமல் வை. நானே போன் செய்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போடாதே.

உன் அப்பா,
ஓரின் திபோடோ