காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது

கரமனை, திருவனந்தபுரம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள பூதலிங்கம் அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நானும் குழந்தை ஆஷாவும் சௌக்கியம். பாறசாலையில் உங்கள் வீட்டில் ரத்னாபாய் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியம் என்று போன வாரம் அக்காவே ஃபோனில் சொன்னார். உங்களைத்தான் பிடிக்க முடியவில்லை. கூப்பிட்டால், "குடோன்ல நிக்கேன் தங்கச்சி, பொறவு கூப்பிடுதேன்" என்கிறீர்கள். அந்தப் பொறவு ஐந்து வருஷமாக வரவில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். ஆஷா என் ஃபோனை எடுத்தாலும் பயமில்லை. அவளுக்கு மலையாளம்தான் படிக்க வரும்.

வருகிற மே மாதத்தோடு என் ஆத்துக்காரர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நான் ஆப்பிரிக்காவுக்கு, நீங்கள் இருக்கும் கினி-பிசாவுக்கு வரப்போகிறேன். முந்திரி வாங்க உங்களோடு வந்தவர் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அந்தக் கொரோனா சமயத்தில் விமானமே இல்லாததால் உடம்பு வரவில்லை. தர்ப்பையால் ஆள் மாதிரி கட்டி, என் மாமனார்தான் கொள்ளி வைத்தார். பெண்கள் போகக்கூடாதே, நான் போகவில்லை. மாமனார் திரும்பி வந்து, "அரை நிமிஷத்துல ஆயிடுத்து" என்று மட்டும் சொன்னார். அத்தனை உயரமான மனுஷர், அரை நிமிஷம். இன்றைக்கும் வாசல் கேட் சத்தம் கேட்டால் நானும் ஆஷாவும் ஒரே சமயத்தில் நிமிர்கிறோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலையைக் கவனிப்போம்.

என்னென்ன கொண்டுவர வேண்டும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கூடவே ஒன்று. அந்தக் கடைசி மூன்று நாளும் இவர் உங்களிடம் என்ன பேசினார்? நேரில் கேட்டால் அழுதுவிடுவேன். அதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
ஸ்ரீலக்ஷ்மி

பிசாவ்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வருவது சந்தோஷம்தான். வருவதானால் ஏப்ரல், மே. ஜூனில் மழை பிடித்தால் உள்நாட்டு ரோட்டில் வண்டி புதையும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். பத்து நாள் முந்தியாவது போட்டு, அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைக்கணும். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் ஊரில் தனியே பிடித்து வைப்பார்கள். பணம் யூரோவாக, சின்ன நோட்டாக, கிழிசல் இல்லாமல் கொண்டுவாருங்கள். இங்கே ஏடிஎம்மை நம்ப முடியாது. சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர்தான் குடிக்கணும், ஐஸ் வேண்டாம். பட்டாளக்காரர், துறைமுகம், சர்க்கார் கட்டடம் எதையும் படம் எடுக்கக் கூடாது. யாரிடம் எது கேட்டாலும் முதலில் அவர் சுகம், வீட்டார் சுகம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கேட்கணும். அவசரப்பட்டால் மரியாதைக் குறைவு. உங்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் கஷ்டம். சோறும் பயறும் மாம்பழமும் கிடைக்கும். பருப்புப்பொடி கொண்டுவந்தால் பிழைத்தீர்கள்.

கொசுவலை உங்கள் ஊர் சாலைக் கடைத்தெருவில் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். மலேரியா மாத்திரை டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்கணும். காய்ச்சல் வந்தால் அந்த மணிக்கூரிலேயே ரத்தம் சோதிக்கணும். வெயில் காய்ச்சல், களைப்புக் காய்ச்சல், தொண்டைக் காய்ச்சல் என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்கக் கூடாது. காய்ச்சல் விட்டது போலிருந்தாலும் நம்பக் கூடாது, திரும்பி வரும். ஊருக்குப் போன பிறகு காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தேன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடணும். காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அன்புடன்,
பூதலிங்கம்

கரமனை
11 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டர், "முட்டை அலர்ஜி உண்டோ?" என்று கேட்டார். "சாப்பிட்டிருந்தாத்தானே டாக்டர் தெரியும்" என்றேன். சிரித்துக்கொண்டே குத்திவிட்டார். விசா வந்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆபீசில் லீவும் கிடைத்தது. ஏதோ டூர் போகிறேன் என்று நினைத்து மேனேஜர் வாழ்த்துச் சொன்னார்.

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது அண்ணா. பாதிக் கடிதம் அதுதான். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லையே.

கடைசியாக இவர் என்னோடு பேசினது அப்படியே காதில் நிற்கிறது. "லிங்கம் பக்கத்துலயே உக்காந்துண்டிருக்கான். நெத்தில ஈரத்துணி போடறான். நீ கவலைப்படாம தூங்கு." குரல் நடுங்கித்தான் இருந்தது. ஆனாலும் உடன்பிறந்தவர் மாதிரி நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று ஃபோனை வைத்தேன். இந்த ஐந்து வருஷம் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் வைத்திருப்பது அந்த ஒரு பேச்சுதான். விளக்கு ஏற்றும்போது உங்கள் குடும்பத்தை நினைக்காத நாள் இல்லை.

உங்கள் தங்கை,
ஸ்ரீலக்ஷ்மி

பிசாவ்
15 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் வர வேண்டாம். ரோடு மோசம். புதைத்த இடத்தில் புல் மண்டிவிட்டது. பெயர் எழுதின பலகை மழையில் போய்விட்டது. வீடியோ எடுத்து அனுப்புகிறேன், அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஷாவுக்கு இனி நீங்கள் ஒருத்திதானே. இங்கே வந்து ஒரு காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது?

எனக்காக விளக்கு ஏற்ற வேண்டாம்.

பூதலிங்கம்

கரமனை
18 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று. மே 4 அன்று வந்து இறங்குகிறேன். பெயர்ப்பலகை போனால் போகட்டும், இடத்தைக் காட்டினால் போதும். விளக்கு ஏன் ஏற்றக்கூடாது? அந்த மூன்று நாளில் என்ன நடந்தது? எதுவானாலும் எழுதுங்கள். தெரியாமல் நான் அங்கே வந்து நிற்க மாட்டேன்.

ஸ்ரீலக்ஷ்மி

பிசாவ்
2 ஏப்ரல் 2025

தங்கச்சி,

நான் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு நாளும் உட்காரவில்லை.

அப்போது நாங்கள் உள்நாட்டில் பாஃபத்தா என்ற ஊர்ப் பக்கத்தில், குடோனை ஒட்டிய வீட்டில் இருந்தோம். மஹேஷுக்குக் காய்ச்சல் வந்ததும் கொரோனா என்று நானே முடிவுகட்டினேன். அவனை அறைக்குள் இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். என் சின்னவளுக்கு அன்றைக்கு நாலு வயது. அவள் முகம்தான் கண்ணில் நின்றது. சமையலுக்கு நின்ற ஃபாத்துதான் உள்ளே போனாள். உடம்பு துடைத்துவிட்டாள். முதல் நாளே, இது கொசுக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று என்னிடம் கெஞ்சினாள். டிரைவர் வண்டி எடுக்க வந்தான். ஏற்றாதே, எல்லோருக்கும் பரவும் என்று தடுத்தது நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் உங்களோடு பேசினதை வெளியே நின்று கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். "டேய் லிங்கம், நீ பக்கத்துல இருக்கேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்." அப்போதும் நான் உள்ளே போகவில்லை. விடியும்போது அவன் இல்லை. பிறகு வந்து ரத்தம் எடுத்துப் பார்த்த சுகாதார ஆள், மலேரியா என்றார்.

அந்த அறையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். நின்று பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு எழுதின அறிவுரையை இங்கே புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கிறுக்கன் என்கிறார்கள்.

பூதலிங்கம்

கரமனை
13 ஏப்ரல் 2025

பூதலிங்கம் அவர்களுக்கு,

பதினோரு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அண்ணா என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரியாதது இல்லை. அந்த நாளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருமல் சத்தம் கேட்டது என்று நானும் எதிர்ப்பக்கமாக நடந்தவள்தான். உங்களை வைய எனக்கு யோக்யதை இல்லை என்று பாதி நாள் நினைக்கிறேன். மீதிப் பாதி நாள், ஃபாத்து உள்ளே போனாளே என்று நினைக்கிறேன். அப்போது எந்தச் சமாதானமும் நிற்பதில்லை.

இவர்மேலும் கோபம் வருகிறது. பக்கத்தில் யாரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேனா? உங்கள் கம்பெனியை, எம்பசியை, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கத்தியிருப்பேன். யாராவது ஒரு வண்டி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பி, அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

மே 4 அன்று வருகிறேன். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். புதைத்த இடத்துக்கும் வர வேண்டாம். ஃபாத்துவை மட்டும் அனுப்புங்கள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. பரவாயில்லை. இவரைக் கடைசியாகத் தொட்ட கை அவளுடையது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று ஆஷா கேட்டாள். அப்பா கடைசி நிமிஷம்வரை லிங்கம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம் என்று சொன்னேன். ரொம்ப நேரம் அழுதுவிட்டு, பிறகு தூங்கிவிட்டாள்.

ஸ்ரீலக்ஷ்மி மஹேஷ்