கடைசிக் கறவை

5-8-74, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. இந்த வாரம் ஜெனரல் ஷிப்ட், எட்டு மணி.

இன்றிலிருந்து தினம் எழுதுவதாக முடிவு. காரணம் வசந்தாவின் கடிதம். ராயபுரத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு மகாராணி நிபந்தனை போடுகிறாள். இரண்டு வருடம் தினமும் பாசஞ்சரில் போய் வந்து முதுகு ஒடிந்த பிறகு, மூன்று வாரம் முன்பு கும்மிடிப்பூண்டியில் இந்த வீட்டைப் பிடித்தேன். ஓடு ஒழுகுமா, கிணறு உப்பா, பக்கத்தில் பர்னஸ் புகை வருமா, ஒன்றும் கேட்கவில்லை அவள். கேட்டது ஒன்றே ஒன்று: பால் ஒழுங்காக வருமா? செல்விக்கு ஒன்றரை வயது. அங்கே பால் டிப்போவில் அட்டையைக் காட்டினால் விடியற்காலை பாட்டில் கைக்கு வருகிறது. இங்கே ஆறு மணிக்குள் வாசலுக்குப் பால் வருகிறதா என்று இரண்டு வாரம் பார்த்து எழுத வேண்டுமாம். ஆவணி பிறந்ததும் நேரில் வந்து பார்ப்பாளாம். வந்தால் குடித்தனம். வராவிட்டால் நான் பழையபடி பாசஞ்சர்.

பா.வ.நே. (பால் வந்த நேரம்): 7-20. முதல் நாளே மண்.

6-8, செவ்வாய்

பா.வ.நே. 7-35. காப்பியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு ஓட்டம். நாக்கு வெந்தது.

பால்காரி பெயர் கன்னியம்மா. ஐம்பது வயது இருக்கும். கேனும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. எருமையையே ஓட்டிக்கொண்டு வாசல் வாசலாக வருவாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டுவாள், தண்ணீர் இல்லை என்று. பிறகு நம் கண் எதிரே கறப்பாள். மொத்தம் ஐந்து வீடு. என் வீடு ஐந்தாவது. கலப்படம் என்ற பேச்சே இல்லை. நேரம் என்ற பேச்சும் இல்லை.

இன்று கேட்டேவிட்டேன், ஏன் இவ்வளவு தாமதம் என்று. மடியைத் துடைத்துக்கொண்டே பதில்: "எரும இன்னா உங்க கம்பெனி சங்கா நைனா, டைமுக்கு ஊத?"

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு நாலு நல்ல பதில் தோன்றியது.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, துடைப்பம் (வசந்தா வந்தால் முதலில் மூலையைத்தான் பார்ப்பாள்), செல்விக்கு ஏதாவது.

வசந்தாவுக்குத் தபால் கார்டு போட்டேன். "பால் 5-50க்கு வந்தது" என்று. கை கூசியது. எழுதியது எழுதியதுதான்.

8-8, வியாழன்

பா.வ.நே. 6-55! இந்த வீட்டில் இதுதான் சாதனை. எருமை இன்று ரயில்வே குட்டையில் இறங்கவில்லையாம். இறங்கினால் கூட்ஸ் வண்டி ஒன்று போகும் வரை எழுந்திருக்காதாம். வண்டி லேட் என்றால் எருமை லேட். எருமை லேட் என்றால் நான் லேட். எவனோ ஒரு டிரைவர் கையில் என் குடும்ப வாழ்க்கை.

ஆனால் பால் பால்தான். ஆடையை விரலால் தூக்கலாம், அத்தனை கெட்டி. அடுத்த வீட்டிலேயே இருக்கும் வீட்டுக்காரர் தந்த யோசனை இது. முதலில் கறப்பது தண்ணியாக இருக்கும், மடி வற்றும் நேரத்தில் இறங்குவதுதான் கெட்டி, குழந்தை உள்ள வீட்டுக்கு அதுதான் தெம்பு, விடாதே, கேட்டு வாங்கு என்றார். வந்த முதல் நாளே கன்னியம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், கடைசிக் கறவை எனக்குத்தான் என்று. ஊருக்குப் புதுசு என்றால் ஏமாளி என்று அர்த்தமா?

வசந்தாவுக்குக் கார்டு: "5-45."

9-8, வெள்ளி

பால் இல்லை. ஆடி வெள்ளி. மொத்தப் பாலும் புற்றுக்குப் போய்விட்டது. நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றால், நாகாத்தம்மாவுக்கு ஊற்றுவதை உன்னிடம் கேட்டுக்கொண்டா ஊற்றுவேன் என்கிறாள். நியாயம்தான். ஆனால் பாம்புக்குக் காப்பிப் பழக்கம் இல்லை, எனக்கு இருக்கிறது.

கடுங்காப்பி. நாள் பூராவும் தலைவலி. மத்தியானம் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன். அடி பலம் இல்லை.

கார்டு போடவில்லை. இல்லாத பாலுக்கு என்ன நேரம் எழுதுவது?

10-8, சனி

வேறு ஆள் பார்த்தேன். ஸ்டேஷன் பக்கம் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருபவன். சொன்னபடி ஆறு மணிக்கு டாண் என்று வந்தான். நல்ல பாலெல்லாம் பட்டணத்து வண்டியில் ஏறிவிடுகிறது, கேனைக் கழுவிய தண்ணீரை எனக்கு ஊற்றினான். அதில் செல்வியைக் குளிப்பாட்டலாம். வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கன்னியம்மா 7-30. சைக்கிள்காரன் வந்து போனது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் இல்லை. சிரித்தாள். அது கோபத்தைவிட மோசம்.

11-8, ஞாயிறு

விடியற்காலை முதல் ஒலிபெருக்கி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள்.

பா.வ.நே. 9-10. நன்றாகத் திட்டுவது என்று வாசலிலேயே காத்திருந்தேன். ஒரு கையில் எருமைக் கயிறு, இன்னொரு கையில் தூக்குச் சட்டி. சட்டி நிறையக் கேழ்வரகுக் கூழ், வாழை இலையில் கருவாட்டுக் குழம்பு. தனி ஆள் பண்டிகை நாளில் பட்டினி கிடக்கக் கூடாதாம். திட்ட வாயைத் திறந்தேன், கூழை வைத்து அடைத்துவிட்டாள். இரண்டு செம்பு குடித்தேன். பிற்பகல் முழுக்கத் தூக்கம். இந்த ஊர் எனக்குப் பிடித்துத்தான் போய்விட்டது, அதுதான் பேஜாரு.

13-8, செவ்வாய்

இரவு நல்ல மழை. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பா.வ.நே. 7-40. கார்டில் 5-55. தினமும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று ஐந்து நிமிடம் கூட்டிக் குறைத்துப் போடுகிறேன். புளுகுவதிலும் ஒரு தொழில் சுத்தம்.

அலமேலு மாதிரி, அருக்காணி மாதிரி ஏதாவது நல்ல பெயர் வைத்திருந்தால் எருமைக்கும் பொறுப்பு வந்திருக்குமோ என்னவோ. இதற்குப் பெயரே கிடையாதாம். "எரும" என்றால் திரும்பிப் பார்க்கிறது.

15-8, வியாழன்

லீவு. கம்பெனியில் கொடி ஏற்றி ஆளுக்கு இரண்டு மிட்டாய். செல்விக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறேன். எறும்புக்குத் தெரியாத இடம் இந்த வீட்டில் எங்கே?

வசந்தாவின் கடிதம். சனிக்கிழமை மாலை வண்டியில் வருகிறாளாம், ஞாயிறு காலை பாலை நேரில் பார்க்க. என் கார்டுகளை எல்லாம் படித்து ரொம்ப சந்தோஷமாம். "ரொம்ப" என்பதற்குக் கீழே கோடு.



17-8, சனி

ஆவணி ஒன்று. வெயில். பா.வ.நே. 7-15.

மானத்தை விட்டுக் கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி வருகிறாள், நாளைக்கு ஒரே ஒரு நாள் ஆறு மணிக்குள் வா, இல்லாவிட்டால் அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று.

"கட்னவள கூட்டியாற எரும தயவா? சரி நைனா. நாளைக்கு அஞ்சரைக்கு உன் வாசல்ல நிக்கும். எம் மாடு மேல ஆண."

மாலை வண்டி அரை மணி லேட். செல்வி முதலில் என்னைப் பார்த்து அழுதாள். ஐந்து வாரத்தில் அப்பன் முகம் மறந்துவிட்டது. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வருவதற்குள் தோளில் தூங்கிவிட்டாள். வசந்தா மூலைகளைப் பார்த்தாள்.

18-8, ஞாயிறு (பிற்பகல் எழுதுகிறேன், இருவரும் தூங்குகிறார்கள்)

நான்கு மணிக்கே எழுந்துவிட்டேன். ஐந்தரை. ஆறு. ஆறரை. வசந்தா வாசற்படியில் செம்போடு உட்கார்ந்திருக்கிறாள், செல்வி மடியில் பாலுக்குச் சிணுங்குகிறாள். நான் தெருமுனைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். ராயபுரத்திலிருந்து கொண்டுவந்த பாட்டில் பாலில் மீதி இருந்ததைக் காய்ச்சினாள். திரிந்துவிட்டது. ஏழு. நல்ல வேளை, அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

ஏழே முக்காலுக்கு எருமை வந்தது. பின்னால் கன்னியம்மாவின் சிவப்புக் கட்டம் போட்ட புடவை. புடவைக்குள் ஒரு பெரிய மீசை.

அவள் புருஷன் ஏகாம்பரம். வேட்டிக்கு மேலே புடவையைச் சுற்றி, தலைக்கு முக்காடும் போட்டுக்கொண்டு, தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்து குந்தினார். எங்கள் இருவரையும் பார்த்ததும் தலை இன்னும் குனிந்தது.

"அவளுக்கு இடுப்பு புட்ச்சிக்கிச்சி, எய்ந்துக்க முடில. நான் கை வெச்சா இது ஒதைக்குது. இந்தப் பொடவ வாசன இருந்தாதான் பால எறக்கும். இன்னா பண்றது, ஆண போட்டுட்டேன் போய்த்தான் ஆவணும்னு அய்வுறா."

வசந்தா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். செல்வியும் ஏன் என்று தெரியாமல் சிரித்தாள். கடைசியில் ஏகாம்பரமே மீசைக்குள் சிரித்துவிட்டார். எருமை மட்டும் மரியாதையாகப் பால் கொடுத்தது.

காப்பி ஆனதும் வசந்தா ஏகாம்பரத்திடம் அவர்கள் வீடு எங்கே என்று கேட்டாள். ஒரு பொட்டலம் கல்லுப்பு, ஒரு பழந்துணி, செல்வி இடுப்பில். ஏகாம்பரத்தோடு கிளம்பிவிட்டாள், கன்னியம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்க. என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். எத்தனை கார்டு, எத்தனை பொய் என்று எண்ணிப் பார்த்தேன். கன்னியம்மா வாயில் எதுவும் தங்காது. வசந்தா சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

வந்தாள். செல்வி வாயெல்லாம் வெல்லம்.

"கடைசி கறவ ஓணும்னு நீங்கதான் அடம் புடிச்சீங்களாமே?"

ஆமாம் என்றேன், பால் கெட்டியாக இருக்கும் என்பதால்.

"நாலு ஊட்ல கறந்துட்டு அஞ்சாவது ஊட்டுக்கு வர்றது ஆறு மணிக்கு எப்டி வரும்? அந்தம்மா பாவம், நைனா கேட்டுச்சேன்னு தெனம் கடைசியா வந்துக்கினு, தெனம் உங்ககிட்ட திட்டும் வாங்கிக்கினு இருந்துகீது. அதுவும் கொழந்தைக்குக் கெட்டி எரும பாலா? வவுறு உப்பிக்கும். மொத கறவதான் ஒத்துக்கும்."

பதினான்கு நாள் நேரம் குறித்தவன் நான். வால்வு ஏன் அடைத்தது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற பிட்டர். இது மண்டையில் ஏறவில்லை. சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா?

கார்டு விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன், எல்லாம் பொய் என்று. அவளுக்குத் தெரியுமாம். ஒரு நாள்கூட தாமதம் இல்லை என்று எழுதினால் எந்த மடச்சி நம்புவாள் என்றாள். தெரிந்தும் ஏன் வந்தாய் என்றேன். செல்வியின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பால் வருமான்னு கேட்டது பாலுக்கோசரம் மட்டும் இல்ல. நீங்க கம்பெனிக்குப் பூட்டா, இந்த ஊர்ல நம்ம வாசலுக்கு வந்து எம் மொகத்தப் பாத்து பேச ஒரு ஆளு இருக்குமான்னுதான். அத எப்டி லெட்டர்ல எய்துறது?"

கல்யாணமாகி மூன்று வருடம். அவளுக்குப் பயம் இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஓட்டைப் பற்றி நினைத்தேன், கிணற்றைப் பற்றி நினைத்தேன்.

சாமான்களைப் புதன்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். அதற்குள் மாமியாரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

19-8, திங்கள்

மேகமூட்டம், நல்ல காற்று. 5-25க்கு எருமை வாசலில். கன்னியம்மா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெதுவாகத்தான் நடக்கிறாள். ஆனால் வந்துவிட்டாள். இனிமேல் முதல் கறவை எங்களுக்கு. செல்வி ஒரு டம்ளர் குடித்துவிட்டு எருமை வாலைப் பிடிக்கப் போனாள்.

ஆறு மணிக்கு வசந்தாவுக்கும் கன்னியம்மாவுக்கும் பேச்சு ஆரம்பித்தது. நான் குளித்து வந்தபோது ஏகாம்பரம் பெண் பார்க்க வந்த கதை. நாஷ்டா நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன், அப்போது ராயபுரத்தில் மீன் விலை. சட்டை மாட்டும்போது குரல் தாழ்ந்துவிட்டது, ஆகவே என்னைப் பற்றி. நடுவில் "ஐயோ, அப்டியா செஞ்சாரு" என்று வசந்தா.

7-35. அடுத்த வாசலில் வீட்டுக்காரர் காலிச் செம்போடு நிற்கிறார். இந்தப் பால்காரிக்கு நேரம் காலமே கிடையாதா தம்பி என்று என்னிடம் முறையிட்டார். அது அப்படித்தான் சார், எருமை என்ன கம்பெனிச் சங்கா என்றேன்.

போய் வருகிறேன் என்று வாசலில் நின்று இரண்டு தடவை சொன்னேன். எருமை மட்டும்தான் திரும்பிப் பார்த்தது.