நனையாத காகிதம்

வர்ஜீனியா, ஆகஸ்ட் 1864

அன்புள்ள அல்மீரா,

நான் நலம். நீயும் குழந்தையும் சுகம்தானே? பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் தெற்குப் படைக்குச் சோளம் போகும் ரயில்பாதையைப் பிடித்துவிட்டோம். அதன் அடிக்கட்டைகளை எரித்து, அந்தச் சூட்டில் தண்டவாளத்தை வளைக்க வேண்டுமாம். கொட்டுகிற மழையில் எந்தக் கட்டை எரியும்? எதிரி வேறு சுட்டுக்கொண்டே இருந்தான். கவலைப்படாதே, ஓட்டை விழுந்தது தொப்பியில்தான்.

"சட்டைக்குள்ள என்னடா, காய்ஞ்ச காகிதமா? எடு!" என்றார் சார்ஜென்ட் ஹாப்குட்.

"என் பொண்டாட்டி கடுதாசி, சார்!"

"அவ திரும்ப எழுதுவா. அவனுங்களுக்குச் சோளம் போய்ச் சேர்ந்துச்சுன்னா, படிக்க நீ இருக்க மாட்டே!"

தீ உடனே பிடித்தது.

தொப்பி தைக்க நூல் அனுப்பு. பழைய கடிதங்களையெல்லாம் மறுபடி எழுது. குழந்தைக்குப் பல் முளைத்த கதையை விட்டுவிடாதே. அதற்குள் கூப்பிடுகிறார்கள், எழுதக்கூட விடமாட்டார்கள். இந்தமுறை நன்றாக நனைத்து அனுப்பு.

உன்
எஸ்ரா