சின்னப் பொதிக்கு முதலிடம்

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முந்தநாள் காலை மகளின் அறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஓர் ஆண்குரல். "ஆரை முதல் விடுறது, ஆரைக் காக்க வைக்கிறது, அதுதான் பிரச்சினை" என்றது. காதை இன்னும் அழுத்தி வைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது ஒன்லைன் வகுப்பு. ஒரே மூளையை வைத்துக்கொண்டு பல வேலைகளைக் கம்ப்யூட்டர் எந்த ஒழுங்கில் முடிக்கிறது என்று பாடம். நான் கதவை விட்டு விலகவில்லை. இதையே உன் வாயால் கேட்டிருக்கிறேனே.

வவுனியாவில் கம்ப்யூட்டர் படிப்பித்துவிட்டு, சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் என் மா அரைக்கிற மில்லுக்கு வருவாய். கையில் ஒரு சின்னக் குரக்கன் பொதி. நான் சனம் வந்த ஒழுங்கில் அரைப்பேன். நீ விடமாட்டாய்.

"பிழையடா. மூட்டையை முதல் போட்டால் பின்னாலை நிக்கிற சனம் முழுக்கக் காயும். சின்ன வேலையை முதல் முடி, எல்லாருக்கும் காத்திருக்கிற நேரம் குறையும். கம்ப்யூட்டரும் இப்பிடிச் செய்யுறதுதான்."

"உன்ரை கம்ப்யூட்டரும் குரக்கனோ சாப்பிடுறது?"

நின்ற சனம் சிரித்தது, நீயும் சிரித்தாய். ஆனால் உன் பொதிதான் முதலில் அரைபட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை ஏய்க்கக் கட்டிய கதை என்றே நினைத்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருசம். என்னோடு பழகியது எனக்காகவா, குரக்கனுக்காகவா என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் நீ நிற்கும்போது பூநகரி அக்கா ஒருவர் மூட்டையோடு நின்றார். நீ சொன்னபடி முதலில் அரைக்கச் சின்னப் பொதிகள் வந்துகொண்டே இருந்தன.

"தம்பி, நான் விடியவே வந்தனான். கடைசி பஸ்ஸும் போயிட்டுது."

நீ தலையைச் சொறிந்தாய். "ஓம், அதுக்கும் வழி இருக்கு. காத்திருக்கக் காத்திருக்க ஆளை முன்னுக்கு எடுக்கவேணும்."

"உன்ரை பொதி அரைபட்ட பிறகோ ஞாபகம் வந்தது?"

அரைத்து முடிந்ததும் மூட்டையையும் அவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாய். பூநகரியில் நண்டு வாங்கத்தான் போகிறாய் என்று அன்றும் நினைத்தேன்.

நீ சொன்ன இரண்டும் பாடத்தில் அப்படியே இருந்தன. ஆனால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றிச் செய்வது. யாரும் கனநேரம் வெறுமனே நிற்கத் தேவையில்லை. இதை நீ சொன்னதேயில்லை. சொன்னால் உன் பொதிக்கு முதலிடம் போய்விடும். பிடித்துவிட்டேன் உன்னை என்று மில்லுக்கு ஓடினேன்.

உன் மனைவி உன் ஆட்டத்திவசத்துக்கு மோதக மா அரைக்கச் சிவப்பரிசியோடு நின்றா. பக்கத்தில் செத்தல் மிளகாயோடு ஒருவர், மல்லியோடு ஒருவர். என்னிடம் இருப்பது ஒரே மெஷின். ஆளுக்குக் கொஞ்சமாக அரைத்தேன். ஆள் மாறும் ஒவ்வொரு தடவையும் மெஷினைத் துடைக்க வேண்டியிருந்தது. அரைத்த நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். நீ ஏன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. என் மெஷினுக்கு எது சரியோ அதைத்தான் சொல்லியிருக்கிறாய். குரக்கனுக்காக இல்லை.

இனி என் மில்லில் சின்னப் பொதிதான் முதல், கனநேரம் நின்றவர் அதற்கும் முதல். ஆர் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்வேன்.

கடைசிச் சுற்றில் மிளகாய் அரைத்த பிறகு களைத்துப்போய் நான் மெஷினைத் துடைக்கவில்லை. சிவப்பரிசி மா என்பதால் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேற்றுப் படையல் முடிந்ததும் உன் மாமனார் ஒரு மோதகம் சாப்பிட்டார். பிறகு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.